அரைச் சக்கரம்

மாப்பிள்ளை டயருக்குக் காற்றடிக்கிற சத்தத்தை வைத்தே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பம்பு முதலில் சுலபமாக இறங்கியது, பிறகு கொஞ்சம் இறுகியது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் நிறுத்தவில்லை. கைப்பிடி மேல் முழு உடம்பையும் சாய்த்து இன்னும் நாலு அழுத்து அழுத்தி, டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். தார்ச் சாலைக்கு அது சரி. இன்றைய பந்தயத்தில் பாதித் தூரம் சரளைக்கல். இவ்வளவு காற்றோடு அதில் ஏறினால் சைக்கிள் துள்ளுகிற துள்ளலில் முதுகெலும்பு கழன்று கையோடு வந்துவிடும். "கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். மகளுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. நாம் ஒன்று சொல்ல, அவர் ஒன்று நினைக்க, எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டாள். "போதுமா அத்தை?" என்று அவராகவே கேட்டபோதும், "உங்களுக்குத் தெரியாததா மாப்பிள்ளை" என்றுதான் வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர்களிடம் "மெதுவா" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் அவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். காலையிலிருந்து மாலை வரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு, மெதுவா, இன்னும் மெதுவா என்பதுதான் வேலை. வங்கி மேலாளரை அதட்டியிருக்கிறாள். ஒரு போலீஸ் அதிகாரியை நடுவழியில் ஓரங்கட்டச் சொல்லி, கண்ணாடி பார்க்கத் தெரியாதவருக்கு ஸ்டீயரிங் எதற்கு என்று கேட்டிருக்கிறாள். அந்த வாய் மாப்பிள்ளை முன்னால் மட்டும் ஒட்டிக்கொண்டுவிடும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. பல் டாக்டர். நாற்காலியில் சாய்கிற ஒவ்வொருவரிடமும், "வலிச்சா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கருவியைக் கையில் எடுப்பார். ஆனால் அவர் எதற்காகவாவது கையைத் தூக்கி இவள் பார்த்ததில்லை. சர்க்கரை என்று நினைத்து இவள் உப்பைப் போட்டுக் கொடுத்த காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சொன்ன மனுஷன்.

வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற ஜோடிப் பந்தயம் இது. நூறு கிலோமீட்டர். ஜோடியில் ஒருவர் மட்டும் பறந்து வந்து பிரயோஜனம் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து கோட்டைத் தாண்ட வேண்டும். பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. முடிவுக் கோட்டில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பழைய பித்தளை மணி தொங்கும், அதன் கயிற்றை இருவரும் சேர்ந்து இழுக்கலாம், அவ்வளவுதான். நான்கு மணியானால் பந்தயத்தை நடத்துகிற பெயின்ட் கடைக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, மணியைக் கழற்றித் துணிப்பையில் போட்டுவிடுவார். முகதாட்சண்யம் பார்க்கிற ஆள் இல்லை. போன இரண்டு வருஷமும் அவள் மகளோடு ஓட்டினாள். முதல் வருஷம் செயின் அறுந்தது. அடுத்த வருஷம் மகளுக்குக் கால் பிடித்துக்கொண்டது. இரண்டு முறையும் அந்த மணி பைக்குள் போவதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். ஒரு பித்தளை மணிக்கு இவ்வளவா என்று யாராவது கேட்கலாம். அதை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் மகள் பயிற்சியில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள். கட்டுப்போட்ட கையோடு அவளே புருஷனைக் கோர்த்துவிட்டாள். "அவரு ரோட்டுல நல்லா ஓட்டுவாரும்மா. சரளையில நீ கெட்டிக்காரி. சேந்து போனா சரியா இருக்கும்" என்றாள். கிளம்பும்போது காரின் கண்ணாடியைத் தட்டி, "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயைத் திறந்து பேசுங்க" என்றும் சொன்னாள். அதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, தார்ச் சாலையில் மாப்பிள்ளை ஓட்டுகிற அழகே தனி. தோள் அசையாது. முழங்கால் இரண்டும் நேர்கோட்டில் ஏறி இறங்கும். அவருடைய பின்சக்கரத்துக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு அவள் ஒட்டிக்கொண்டாள். எதிர்காற்றை எல்லாம் அவர் வாங்கிக்கொள்ள, இவளுக்கு மிதிக்கிற பாடு பாதியாகக் குறைந்தது. பள்ளம் வந்தால் இடுப்புக்குக் கீழே கையைக் காட்டுவார், இவள் விலகுவாள். கொஞ்ச நேரம் கழித்து முழங்கையை லேசாக ஆட்டுவார், இவள் முன்னால் போய்க் காற்றை வாங்குவாள். சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்காரக் கூச்சப்படுகிற இரண்டு பேர் உரசாத குறையாக இப்படிப் பறப்பதை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் போன ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தாண்டினார்கள். டயர்கள் இரைந்தன, காதில் காற்று கத்தியது. ஐம்பது வயதைத் தாண்டிய தன் கால்களுக்குள் இவ்வளவு வேகம் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியாமல் அவள் சந்தோஷத்தில் திக்குமுக்காடினாள்.

சாலை அகலமானதும் பக்கம் பக்கமாக வந்தார்கள். கெட்டது அங்கேதான். சைக்கிள்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அரைச் சக்கரம் என்பார்கள். பக்கத்தில் வருகிறவரைவிட அரைச் சக்கரம் முன்னால் நிற்பது, அவர் எட்டிப் பிடித்தால் மறுபடி அரைச் சக்கரம் தள்ளிப் போவது. திமிர் பிடித்தவர்கள் வேண்டுமென்றே செய்கிற வேலை. இவர்கள் இருவரும் அதை மரியாதையால் செய்தார்கள். மாப்பிள்ளையின் சக்கரம் கொஞ்சம் முன்னால் தெரிந்தால், அவருக்கு இந்த வேகம்தான் தோது போலிருக்கிறது, கிழவி இழுத்துப் பிடிக்கிறாள் என்று இருக்கக்கூடாது என்று இவள் அழுத்தினாள். இவள் சக்கரம் முன்னால் வந்ததும் அவர் அழுத்தினார். நெஞ்சு வாய்க்கு வந்தது. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"கஷ்டமா இருக்கா அத்தை?"

"சேச்சே. உங்களுக்கு?"

"எனக்கென்ன. வாக்கிங் போற மாதிரி இருக்கு."

மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கித்தான் அதைச் சொன்னார். அவளுக்குக் காதடைத்திருந்ததால் அந்த மூச்சிரைப்பு கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கிற பந்தலில் எலுமிச்சைச் சாறும் உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் இருந்தன. "நிக்கணுமா?" என்றார் அவர். "உங்களுக்கு வேணும்னா நிக்கலாம்" என்றாள் அவள். "எனக்கு வேண்டாம்." "அப்போ எனக்கும் வேண்டாம்." கிழங்கின் வாசனை பின்னால் வெகுதூரம் அவளைத் துரத்தி வந்தது.

சரளை தொடங்கியதும் மாப்பிள்ளையின் சைக்கிள் தரையில் நிற்கவே இல்லை. சட்டியில் பொரிகிற கடுகாகத் துள்ளியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார், கன்னச் சதைகூட ஆடியது. அந்தக் காற்றைப் பற்றி இப்போதாவது சொல்லலாமா என்று நினைத்தாள். காலையில் சொல்லாததை இப்போது சொன்னால், அப்போதே தெரிந்தும் சும்மா இருந்தாயா என்று ஆகிவிடும். மிதித்தாள். வெயில் ஏறியது. பாதையில் அவர்களைத் தவிர ஆளே இல்லை, அவ்வளவு பேரையும் பின்னால் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இந்த வருஷம் மணி நமக்குத்தான் என்று மனசு குதித்தது. அதே நேரத்தில் கால் இரண்டும் யாருடையதோ போலக் கனத்தன. வயிற்றில் ஒன்றுமில்லை. முதுகுப் பையில் கடைசியாக ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒருவேளை தேவைப்பட்டால் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

முகட்டுக்கு ஏறுகிற மேட்டில் அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. பாதையின் ஓரங்கள் சுருங்கின, நடுவில் மாப்பிள்ளையின் பின்சக்கரம் மட்டும் ஒரு வட்டமாகத் தெரிந்தது. அது இன்னும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய வலது கால் தானாகவே தரையை நோக்கி ஒரு மிதி மிதித்தது, அங்கே இல்லாத இரண்டாவது பிரேக்கைத் தேடுகிற மாதிரி. அப்புறம் அடிவயிற்றிலிருந்து பயிற்சிப் பள்ளிக் குரல் கிளம்பியது.

"மெதுவா! யோவ், மெதுவாய்யா!"

சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று உறைத்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அந்த நொடிக்கு முன்பே ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துவிட்டிருந்தார். கை ஆடி ஆடித் தலைக்கு மேலே ஏறி, அப்படியே நின்றது. பிறகு அவரும் சைக்கிளும் மெல்லச் சாய்ந்து ஓரத்துப் புல்லில் படுத்தார்கள். அவளும் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் விழுந்தாள்.

எழுந்திருக்கவே முடியாமல் வெகுநேரம் இருவரும் வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார்கள்.

"எப்பலேருந்து முடியல?" என்றாள்.

"இருபதாவது கிலோமீட்டர்லேருந்து" என்றார். "நீங்க?"

"நானும் அங்கதான்."

"நீங்க அழுத்துறீங்களேன்னுதான் நான் அழுத்தினேன் அத்தை."

"நல்ல கூத்து" என்றாள். அவளுக்கு வயிறு குலுங்கியது. சிரிக்கத் தெம்பில்லாமல் சிரித்தாள், அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் தாண்டி வந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக மேடேறி, இவர்களை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போயின. அவள் பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டினாள். அவர் தன் ஜெர்சியின் பின்பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தார், கறுத்து நசுங்கிப்போயிருந்தது. "உங்களுக்காக வச்சிருந்தேன்" என்றார். அதையும் இதையும் பாதிப் பாதியாகப் பிட்டு, விரலைக்கூட விடாமல் நக்கித் தின்றார்கள்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்கு இனி அதிக நேரமில்லை. முகம் விழுந்துவிட்டது. "என்னால உங்களுக்கு மூணாவது வருஷமும் போச்சு அத்தை."

"எந்திரிங்க" என்றாள். அவருடைய சைக்கிளுக்கு முன்னால் மண்டியிட்டு, டயர் வால்வை விரலால் அழுத்தினாள். காற்று நீளமாகச் சீறிக்கொண்டு வெளியேறியது. "இது காலையிலயே எனக்குத் தெரியும். நான் சொல்லல. இனிமே சொல்லுவேன். கையை இப்படி இறுக்காதீங்க, தளர்வா விடுங்க. சைக்கிளுக்கு வழி தெரியும், அதைப் போக விடுங்க. வலிச்சா?"

"கையைத் தூக்குறேன்."

முகட்டிலிருந்து கீழே ஒரே இறக்கம். இப்போது அவள் முன்னால் போனாள். இது அவளுடைய இடம். எந்தக் கல் உருளும், எங்கே மணல் இழுக்கும் என்று டயர் வழியாகவே அவளுக்குத் தெரிந்தது. "இடது. மெதுவா. இப்ப விடுங்க, விடுங்க" என்று கத்திக்கொண்டே இறங்கினாள். பின்னாலிருந்து, "அய்யோ அத்தை" என்று ஒரு குரல் வந்தது, அடுத்த வளைவில் அதே குரல் சிறுவனைப் போலக் கூவிச் சிரித்தது. காற்று குறைந்த டயர் கல்லைக் கவ்விக்கொண்டு வந்தது. வேலியும் மரமும் கலங்கி ஓடின. அவளுக்குப் பயமே இல்லை, பசியும் மறந்துபோயிற்று. தார்ச் சாலை வந்ததும் இவள் முழங்கையை ஆட்ட, அவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டார். அவர் வேகம் கூடும்போது இவள் "மெதுவா" என்றாள். இவள் முன்னால் போன முறையில் அவர் ஒருதரம் "அத்தை" என்று குரல் கொடுத்துக் கையைத் தூக்கினார், இவள் குறைத்தாள். ஆச்சரியம் என்னவென்றால் குறைக்கக் குறைக்க அவர்கள் ஆட்களைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசித் திருப்பத்தில் இரண்டு கம்பங்களும் தெரிந்தன. நடுவே ஸ்டூல். பெயின்ட் கடைக்காரர் அதன் மேல் ஏறிவிட்டிருந்தார். தோளில் துணிப்பை தொங்கியது, ஒரு கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. முன்பே வந்து காத்திருந்த மகள் தன் நல்ல கையால் ஸ்டூலின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பாத்து அங்கிள், ஆடுது, விழுந்துடுவீங்க" என்று சொல்வது இங்கே வரை கேட்டது. ஸ்டூல் ஆடவே இல்லை.

"பிரிஞ்சு போகணும் அத்தை. நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"முன்னாடி போயிடாதீங்க."

"போகல."

ஸ்டூலுக்கு இரண்டு பக்கமும் சைக்கிள் போகிற அளவுக்கு வழி இருந்தது. மகள் இவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இரண்டு முன்சக்கரங்கள் ஒரு நூல்கூட முன்பின் இல்லாமல் வந்துகொண்டிருந்தன. கடைக்காரரின் விரல்கள் கொக்கியில் இருந்தன. அவள் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து மணிக் கயிற்றை நோக்கி நீட்டினாள். மறுபக்கம் மாப்பிள்ளையும் கையைத் தூக்கினார்.