இருபதுக்கு நாற்பத்து நான்கு அடி நிழல்

ஜூலை ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு, மூடிப்போன ஒரு மெத்தைக் கடையின் பின்புறத் தார்த்தரையில், மேலே மரமோ கூரையோ மேகமோ இல்லாமல் ஒரு நிழல் விழுந்து கிடந்தது. நீளம் நாற்பத்து நான்கு அடி, அகலம் இருபது அடி. மட்டையும் பிளாஸ்டிக் பந்துமாக, சின்ன டென்னிஸ் போல வலைக்கு இருபுறமும் நின்று ஆடும் பிக்கிள்பால் களத்தின் அளவு அதுதான். ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு வெயில் நூற்றுப் பதினாறு டிகிரி ஃபாரன்ஹீட். நிழலுக்குள் எண்பத்து நான்கு. பீனிக்ஸுக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் அந்தக் கோடையில் அதுவரை பதினேழு பேர் வெயிலில் செத்திருந்தார்கள். ஆகவே அந்த நிழல் எங்கிருந்து வந்தது என்று யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை.

முதலில் கண்டவர் வெர்லன் ஷ்ரேடர், வயது எழுபத்தாறு. நெப்ராஸ்காவில் தானியக் கிடங்குகளின் மோட்டார்களைப் பழுதுபார்த்துக் காலம் தள்ளிவிட்டு, குளிர் தாங்காமல் இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி லுரீனுக்கு நினைவு போய்க்கொண்டிருந்தது. மகளின் பெயர் போய்விட்டது, வீட்டு எண் போய்விட்டது, முட்டை வேகவைப்பது எப்படி என்பதும் போய்விட்டது. ஆனால் கையில் மட்டையைக் கொடுத்து வலைக்கு முன்னால் நிறுத்தினால், ஓட்டை போட்ட அந்த மஞ்சள் பிளாஸ்டிக் பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பியதும், லுரீனுக்கு எல்லாம் திரும்பி வரும். சர்வ் போடுமுன் மூன்று எண்களை உரக்கச் சொல்ல வேண்டும்: தன் அணியின் புள்ளி, எதிரணியின் புள்ளி, அணியில் சர்வ் போடுவது முதல் ஆளா இரண்டாம் ஆளா. ஆட்டத்தின் முதல் சர்வை மட்டும் எப்போதும் இரண்டாம் ஆள் கணக்கில் வைப்பார்கள். அதில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை. புருஷனையும் அப்போது அடையாளம் தெரியும். "வெர்லன், நின்னுக்கிட்டே தூங்குறியா? முன்னால வா!" என்று அதட்டுவார். ஆடி முடித்து ஒரு நாள்வரை அது தாங்கும். நாலைந்து நாள் ஆடாவிட்டால், சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருக்கும் வெர்லனைப் பார்த்து, "குழாய் ரிப்பேருக்கு வந்தவர்தானே நீங்க? சிங்க்தாங்க ஒழுகுது" என்பார். ஒழுகாத அந்த சிங்க்கை வெர்லன் இரண்டுமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்.

எங்கள் ஊரில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆட இடத்துக்குப் பஞ்சமில்லை. மே பிறந்தால் பூங்காக் களங்களில் விடிந்ததும் ஆரம்பித்து ஏழரைக்குள் முடித்தாக வேண்டும். எட்டு மணிக்குப் பந்து இளகிப்போய், அடித்தால் பொத்தென்று விழும். கம்பிக் கதவின் தாழ்ப்பாள் விரலைச் சுடும். லுரீனை எழுப்பி, உடை மாற்றி, வெளியே போகச் சம்மதிக்க வைப்பதற்கே ஒன்பது மணி ஆகும். ஏசி உள்ள இடங்களையும் வெர்லன் விசாரித்தார். தேவாலயத்துக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் ஆடலாம். செத்துப்போன ஒரு வணிக வளாகத்தில், முன்பு துணிக்கடை இருந்த தளத்தில், எட்டுக் களங்கள் போட்டிருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் அவருடைய எண் நானூற்றுப் பன்னிரண்டு. வடக்கே மலையில் வீடு வைத்திருந்தவர்கள் மலைக்குப் போனார்கள். வெர்லன் மடக்கு வலையைக் காரில் போட்டுக்கொண்டு பாலங்களுக்கு அடியிலும், கார் கழுவும் கொட்டகைகளிலும், ஒரு பல் டாக்டரின் கார் நிறுத்துமிடத்திலும் விரித்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் துரத்தினார்கள், மரியாதையாகத்தான்.

மெத்தைக் கடைக்குப் போனது அதன் பின்சுவர் நிழல் தேறுமா என்று பார்க்கத்தான். லுரீன் ஆடி ஆறு நாளாகியிருந்தது. சுவரின் நிழல் இரண்டடி தேறவில்லை. அதற்கப்பால், வெட்டவெளியில், இந்த நிழல் கிடந்தது. வெர்லன் அதற்குள் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு வலையை விரித்தார். லுரீன் உள்ளே வந்தார், பந்தைத் தரையில் ஒருமுறை தட்டினார், அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஜீரோ, ஜீரோ, ரெண்டு" என்றார். "ஏன் வெர்லன் இப்படி இளைச்சுப் போய்ட்ட?"

பத்து நாளில் ஊரே வந்துவிட்டது. அங்கே கோடு போடத் தேவையிருக்கவில்லை. நிழலில் விழுந்த பந்து உள்ளே, வெயிலில் விழுந்த பந்து வெளியே. எங்கள் ஊர் வரலாற்றில் சண்டையில்லாமல் ஆடப்பட்ட களம் அது ஒன்றுதான். உள்ளே நிற்பவர்களுக்குத் தனி நிழல் கிடையாது. கான்ஸுவெலோ அர்வீசு, முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர், பழைய கம்பிவேலித் துண்டு ஒன்றைக் குப்பைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டி மட்டைகளைச் செருக வரிசை அமைத்தார். இங்கே எல்லாப் பூங்காவிலும் உள்ள வழக்கம்தான். மட்டைதான் வரிசையில் நிற்கிறது, ஆள் இல்லை. முதல் நாலு மட்டை அடுத்த ஆட்டம். செருகிய கைதான் அதை எடுக்கலாம். அடுத்தவர் மட்டையைத் தொட்டவரோடு எங்கள் ஊரில் யாரும் ஆட மாட்டார்கள். ஆட்கள் காருக்குள் ஏசி போட்டுக் காத்திருப்பார்கள், கான்ஸுவெலோ கண்ணாடியைத் தட்டுவார்.

"ஏ கிழவா, உன் மட்டை வந்தாச்சு. ஆட்டம் என்ன உன் காருக்கே வருமா?"

"வர்றேன் தாயே. முட்டிகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பார் வெர்லன்.

ஆகஸ்டில் கிப் லாண்ட்வெர் வந்தார். பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கெட்ட மனிதர் இல்லை. தாளில் எழுதாத எதையும் நம்ப முடியாதவர். மணிக்கணக்கு போட்ட ஓர் அட்டவணையை அச்சடித்து எடுத்து வந்தார். சங்கத்து ஆட்கள் முன்பதிவு செய்யலாம், மற்றவர்கள் மிச்ச நேரத்தில். கம்பிவேலியை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்தார்.

"நிழலுக்கு டோக்கனா? நாளைக்கு மூச்சு விடவும் டோக்கன் போடுவ நீ" என்றார் கான்ஸுவெலோ.

"ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமேம்மா. இவ்வளவு கூட்டம் வருது."

"ஒழுங்கு இருந்துச்சு. இப்பதான் நீ அவுத்துப் போட்ட."

கிப் முதல் பெயரை வாசித்தார். நால்வர் களத்தில் இறங்கினார்கள். மேஜைவிரிப்பை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தது போல நிழல் அவர்கள் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. நால்வரும் நூற்றுப் பதினைந்து டிகிரியில் நின்றார்கள். கிப்பின் கையில் தாள் அப்படியே இருந்தது.

பதினோரு நாள் ஊர் முழுக்கத் தேடினார்கள். ஒன்பதாம் நாள் லுரீன் கதவைப் பூட்டிக்கொண்டு, ரிப்பேருக்கு வந்த ஆள் போக மாட்டேன் என்கிறார் என்று போலீசுக்கு போன் செய்தார். வந்த போலீஸ்காரர் ஜன்னல் வழியாகக் கல்யாணப் போட்டோவைக் காட்டச் சொன்னார். லுரீன் காட்டினார். "இந்தப் பையன் அழகா இருக்கான். அந்தக் கிழவர் யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். வெர்லன் அன்றைக்கு வெளியே, கொதிக்கிற படியில், மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய இதயம் முதலில் தடுமாறியது அன்றுதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

கான்ஸுவெலோ தன் பழைய பேருந்துத் தடங்களையெல்லாம் சொந்தக் காரில் ஓட்டி, நிறுத்தம் நிறுத்தமாக நின்று பார்த்தார். பதினோராம் நாள், காரில் உட்கார்ந்தபடி படம் பார்க்கும் ஒரு பழைய திறந்தவெளித் தியேட்டரின் மைதானத்தில், திரை விழுந்து வெறும் இரும்புச் சட்டம் நின்ற இடத்துக்கு முன்னால், நிழல் கிடந்தது. கம்பிவேலியை அங்கே கொண்டுபோய் நட்டார்கள். மூன்றாம் நாள் கிப் வந்தார். கையில் தாள் இல்லை. தன் மட்டையை வரிசையின் கடைசியில் செருகிவிட்டு வெயிலில் நின்றார். சற்று நேரம் கழித்து கான்ஸுவெலோ தன் கார்க் கதவைத் திறந்து, "உள்ள உக்காரு, செத்துத் தொலைக்காத" என்றார்.

மூன்று கோடைகள் போயின. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் கருவிகளால் அளந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், திரும்பி வரவில்லை. இரண்டாம் வருஷம் முதல் நிழல் மே முதல் வாரம் வந்து செப்டம்பர் கடைசியில் போனது. அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகு லுரீன் ஒரு கோடையிலும் புருஷனை இழக்கவில்லை.

நாலாம் கோடை, ஆகஸ்ட் இரண்டாம் தேதி, வெர்லன் தன் மட்டையைச் செருகிவிட்டு, தண்ணீர் புட்டியை எடுக்கக் காருக்குத் திரும்பினார். வேலியிலிருந்து கார் நாற்பது அடி. நடுவழியில் விழுந்தார். நிழலுக்குத் தூக்கி வந்தபோது தோல் தீயாய்ச் சுட்டது, வியர்வை இல்லை. ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது, பலனில்லை. அந்தக் கோடையில் வெயிலில் செத்த இருபத்தாறாவது ஆள் அவர்.

ஆறு நாள் யாரும் ஆடவில்லை. தகனம் முடிந்தது. மகள் ஓமஹாவிலிருந்து வந்திருந்தார். லுரீன் மகளை வேலைக்காரப் பெண் என்று நினைத்தார், தன் பெயரைக் கேட்டாலும் யோசித்தார். ஏழாம் நாள் மகள் அவரைக் காரில் ஏற்றித் தியேட்டருக்குக் கொண்டுவந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெர்லனின் மட்டை வேலியில் மூன்றாவதாக இருந்தது.

"அதை எடுத்து அவங்க கையில குடுத்துடலாமா?" என்று கிப் மெதுவாகக் கேட்டார்.

"அவன் கை வெச்சது. அவன் கைதான் எடுக்கணும்" என்றார் கான்ஸுவெலோ.

"கான்ஸுவெலோ, அவரு..."

"எனக்கும் தெரியும், கிப். வரிசை வரிசைதான்."

முதல் நாலு மட்டைகள்: கான்ஸுவெலோ, கிப், வெர்லன், லுரீன். மூவர் உள்ளே போனார்கள். லுரீன் தன் பக்கத்தில் தனியாக நின்றார். பந்தை ஒருமுறை தரையில் தட்டினார். அப்போது அவருக்கு இடப்பக்கம், களத்தின் பின்கோட்டருகே, நிழலுக்குள் ஓர் ஆள் அளவுக்கு வெயில் விழுந்தது. உயரமான, சற்றே கூனிய, வலது முட்டியை நீட்டி நிற்கும் ஆளின் வெயில். லுரீன் திரும்பிப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டே தூங்குறியா? முன்னால வா."

வெயில் இரண்டடி முன்னால் வந்தது. லுரீன் மகளைப் பார்த்து, "மர்லிஸ், நீ எப்ப வந்த? சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, "ஜீரோ, ஜீரோ, ரெண்டு" என்றார். லுரீனும் அந்த வெயிலும் பதினொன்றுக்கு ஒன்பது என்று தோற்றார்கள். ஆட்டம் முடிந்து பார்த்தபோது வெர்லனின் மட்டை வரிசையின் கடைசிக்குப் போயிருந்தது. அதை யார் மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முறைப்படி அது இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மர்லிஸ் ஓமஹாவில் வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்கிறார். நகரின் விளையாட்டிடங்கள் பட்டியலில் அந்தத் தியேட்டர் இப்போது உண்டு: களம் ஒன்று, நிழல் உண்டு, தண்ணீர் கொண்டு வரவும், முன்பதிவு இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு கான்ஸுவெலோ ஒரே ஒரு யோசனைதான் சொல்கிறார். எதிரே ஆளுக்குப் பதில் வெயில் நின்றால், அதன் இடது பக்கமாகப் பந்தைப் போடுங்கள். வெர்லனின் பேக்ஹேண்ட் இன்னும் மோசம்தான்.