பெரும்பான்மைச் சதுப்பு

அலுவலகத்தில் அவனுக்கு மேப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது சம்பளப் பட்டியலோடு சரி. கூடப் பிறந்த அக்காவே போனை எடுத்ததும் "என்னடா மேப்பு?" என்றுதான் ஆரம்பிப்பாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செய்கிற வேலை அப்படி. உலகத்தில் நிஜமாக இருக்கிற மலை, ஆறு, காடு, ஊர் எல்லாவற்றையும் கணினிக்குள் அள்ளிப்போட்டு, போர் விளையாட்டுக்கான வரைபடமாக மாற்றிக் கொடுப்பான். வீட்டில் உட்கார்ந்துகொண்டு படை நடத்துகிறவர்கள் அதன்மேல் ஏறி ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்ப்பார்கள்.

வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் தரையின் உயரத்தை அளந்து அனுப்பும். மேப்பு அதை எடுத்து, தேனடை மாதிரி ஆறு பக்கக் கட்டங்களாக வெட்டுவான். ஒரு கட்டத்துக்குள் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு நிஜ நிலம் அடங்கும். ஆனால் விளையாட்டின் சட்டப்படி ஒரு கட்டம் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கலாம். சமவெளி, குன்று, காடு, சதுப்பு, ஊர், இவற்றில் ஒன்று. கொஞ்சம் காடு, கொஞ்சம் ஊர் என்கிற கதையெல்லாம் அங்கே நடக்காது. ஆடுகிறவருக்குக் குழம்பிவிடுமாம். நாட்டையே பிடிக்கப் புறப்பட்ட மகாராஜாவுக்கு இது குழம்புகிறது, என்னத்தைச் சொல்ல! ஆகவே கட்டத்துக்குள் எது அதிகமோ அதுதான் கட்டம். மிச்சமெல்லாம் இருந்ததே இல்லை என்று கணக்கு. மேப்பு இதைப் பெரும்பான்மை விதி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

ஆறுகளுக்கும் விதி இருந்தது. கட்டத்தின் நடுவே ஓடக்கூடாது. இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள கோட்டில்தான் ஓடவேண்டும். காலங்காலமாக இஷ்டத்துக்கு வளைந்து திரிந்த ஆறுகள் மேப்புவின் கையில் சிக்கியதும் வாலைச் சுருட்டிக்கொண்டு கோடு பிடித்து ஓடின.

இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்திருந்தவர் தளபதி. விளையாட்டை வடிவமைப்பவர். சக்கர நாற்காலியில் உருண்டபடியே எட்டுப் பெரும் போர்களை நடத்தி முடித்தவர். மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்கும். அவருக்கு ஒரே கொள்கை: சமநிலை. கிழக்குப் படைக்கு எத்தனை ஊரோ, மேற்குப் படைக்கும் அத்தனை. அவனுக்கு எத்தனை சதுப்போ, இவனுக்கும் அத்தனை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும், தோற்றவர்கள் இணையத்தில் வந்து அவரை நார் நாராகக் கிழித்துவிடுவார்கள்.

இந்த முறை தளபதிக்கு ஒரு யோசனை உதித்தது. தூர தேசத்து நிலமெல்லாம் போதும், சொந்த நகரத்தையே போர்க்களமாக்கலாம் என்றார். நகரத்துக்குச் செயற்கைக்கோள் அளந்த உயரக் கணக்கு நகரத் திட்ட அலுவலகத்தில் இருந்தது. அங்கே ஒரு பேரம் படிந்தது: நாங்கள் கணக்கைத் தருகிறோம், நீங்கள் முடித்த படத்தின் பிரதி ஒன்றை எங்களுக்குத் தாருங்கள். அவர்களிடமிருந்த பழைய வரைபடம் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, நகரத்தின் நடுப்பகுதியே ஓட்டையாகக் கிடந்ததாம்.

மேப்பு வேலையில் இறங்கினான். முதல் நாளே நகரத்தின் மிக உயரமான குன்று எது என்று தெரிந்துபோனது. வடகோடியில் இருக்கிற குப்பைமேடு. செயற்கைக்கோளுக்கு உயரம் தெரியும், நாற்றம் தெரியாது.

"சார், இது குன்று இல்ல, குப்பை. எடுத்துடவா?" என்று தளபதியிடம் கேட்டான்.

"படத்துல நாறுமா?"

"நாறாது சார்."

"அப்புறம் என்ன? குன்று மேல நின்னா பாதுகாப்பு ரெண்டு மடங்கு. ரெண்டு படையும் அதுக்கு அடிச்சுக்கும் பாரு. விடுப்பா."

இப்படி விட்டுக்கொண்டே வந்ததில், அக்காவின் வீடு இருக்கிற கட்டமும் வந்தது. நகரத்தின் மேற்கே பழைய ஏரி ஒன்று வற்றி, கோரைப்புல் மண்டிச் சேறாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் இரண்டு தெருக்கள். ஒன்றில் அக்கா. கட்டத்தில் பாதிக்கு மேல் சேறு, பாதிக்குக் கீழே வீடுகள். கணினி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. சதுப்பு என்று பச்சையைப் பூசிவிட்டது.

மேப்புவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதைப் படமெடுத்து அக்காவுக்கே அனுப்பினான். "உன் வீட்டுக்குள்ள படை நுழைஞ்சா வேகம் பாதியாக் குறையும்க்கா" என்றான். "நல்லதாப் போச்சு, கடன் கேட்டு வர்ற உன் மாமா சொந்தக்காரங்களும் அப்படியே புதைஞ்சு போகட்டும்" என்று அவளும் சிரித்தாள். அக்கா வீட்டின் முன்னறையில் தையல் எந்திரம் போட்டு, பள்ளிச் சீருடை தைப்பவள். புருஷன் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில் இருப்பான். அவன் அனுப்பியதும் அவள் தைத்ததுமாகச் சேர்த்து, ஒவ்வொரு அறையாக எழுப்பிய வீடு அது. கூரை போட்ட அன்று அவள் அழுததை மேப்பு கண்ணாலேயே பார்த்திருக்கிறான். இருந்தும் அந்தப் பச்சையை மாற்றவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. விதி என்றால் விதிதானே!

படம் முடிந்தது. வாள், கொடி, குதிரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பளபளவென்று ஒரு பிரதி திட்ட அலுவலகத்துக்குப் போனது. போகும்போது தளபதி ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார்: துல்லியம் தொண்ணூற்று நான்கு சதவீதம்.

"எதை வெச்சு சார் தொண்ணூத்தி நாலு?" என்றான் மேப்பு.

"தொண்ணூத்தஞ்சு போட்டா பொய்னு கண்டுபிடிச்சிடுவாங்கப்பா."

திட்ட அலுவலகம் அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அதுவரை எந்த இடம் எதுவென்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். இப்போது கட்டத்தைப் பார்த்தால் போதும், ஒரு இடம் ஒன்றுதான். அதிகாரிகளுக்கு வேறென்ன வேண்டும்? கிழிந்த வரைபடத்தைக் கழற்றி எறிந்துவிட்டு இதைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். சில வாரங்களில் ஏரிக்கரைத் தெருக்களுக்கு நோட்டீஸ் போனது: சதுப்பு நிலத்தில் அத்துமீறிக் குடியிருப்போர் மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும், தவறினால் இடிக்கப்படும்.

அக்கா போன் செய்தபோது "மேப்பு" என்று கூப்பிடவில்லை. "உடனே வாடா" என்றாள், அவ்வளவுதான்.

போனான். தையல் எந்திரம் ஓடவில்லை. கழுத்தில் அளவு நாடா தொங்க, அக்கா நோட்டீசை விரித்துப் பிடித்திருந்தாள். கூடவே படத்தின் ஒரு துண்டை இணைத்திருந்தார்கள்.

"இது உன் பச்சைதானேடா?"

அந்தப் பச்சையை அவன்தான் தேர்ந்தெடுத்தான், பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று.

"நான் பார்த்துக்கறேன்க்கா. இது வெறும் விளையாட்டுப் படம். போய்ச் சொன்னா கிழிச்சுப் போட்டுடுவாங்க."

"சொல்லு. இடிக்க வர்றவன்கிட்ட விளையாட்டுனு நான் சொல்ல முடியாது. நீதான் சொல்லணும்."

மறுநாள் திட்ட அலுவலகத்தில் அதிகாரி அவனை நன்றாகவே வரவேற்றார். படத்தைப் போட்டவன் என்றதும் எழுந்தே நின்றார்.

"என்ன அழகான வேலை தம்பி! எங்க ஆளுங்களால இப்படி ஒண்ணு செய்ய முடிஞ்சதா?"

"சார், அதுல ஒரு தப்பு இருக்கு. ஏரிக்கரைல சதுப்புனு காட்டியிருக்கற இடத்துல வீடுங்க இருக்கு."

அதிகாரி எழுந்துபோய், சுவரில் இருந்த படத்தை மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்தார். "இல்லையே."

"படத்துல இல்ல சார். அங்க இருக்கு. நான் அந்த வீட்டுல சாப்பிட்டிருக்கேன்."

"நீங்க எங்கே வேணும்னாலும் சாப்பிடலாம் தம்பி. வீடு இருந்தா படத்துல வந்திருக்கணுமா இல்லையா?"

"அந்தப் படத்தைப் போட்டதே நான்தான் சார்!"

"அப்போ உங்களைவிட யாருக்குத் தெரியும், அங்க வீடு இல்லைனு?"

மேப்பு பெரும்பான்மை விதியை விளக்கினான். கட்டத்தை விளக்கினான். குன்று என்று காட்டியிருப்பது குப்பைமேடு என்பதையும் போட்டு உடைத்தான். அதிகாரி முகம் வாடியது. அந்தக் குன்றின்மேல் ஓய்வு மாளிகை ஒன்று கட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததாம்.

"இதோ பாருங்க தம்பி. நீங்க வாயால சொல்றதை நான் எப்படி எடுத்துக்க முடியும்? உங்க கம்பெனி திருத்தின படம் ஒண்ணு அனுப்பட்டும். அது வந்தா அதையே மாட்டிடறோம். எங்களுக்கு என்ன பிடிவாதமா?"

அப்பாடா என்று ஓடினான் மேப்பு. ஒரு கட்டம்தானே! சதுப்பை எடுத்துவிட்டு ஊரை வைக்கவேண்டும். ஒரு சொடுக்கு வேலை.

தளபதி முழுக்கக் கேட்டுக்கொண்டார். கல்நெஞ்சக்காரர் இல்லை; "அடப்பாவமே, அக்கா வீடா?" என்று உச்சுக்கொட்டினார். உச்சுக்கொட்டியபடியே நாற்காலியைக் கணினிப் பக்கம் உருட்டிப் படத்தைப் பெரிதாக்கினார்.

"தாராளமா மாத்து. ஆனா அது மேற்குப் படையோட இடம். அவனுக்கு ஒரு ஊர் கூடுது, ஒரு சதுப்பு குறையுது. அப்போ மேற்குலயே வேற ஒரு ஊரை எடுத்துச் சதுப்பாக்கிடு. கணக்கு சரியாயிடும்."

"சார், அந்த ஊர்லயும் ஆளுங்க இருப்பாங்களே."

"எந்த ஊர்லப்பா ஆள் இல்லாம இருக்கு?"

"திட்ட ஆபீசுக்கு மட்டும் தனியா ஒரு படம் கொடுத்துடலாமே சார்."

"ரெண்டு படமா? உலகம் பூரா இதை விளையாடப்போறான். நிஜப் படம் வேற, விளையாட்டுப் படம் வேறன்னு ஒருத்தன் ஒப்பிட்டுப் பார்த்தான்னா நம்ம மானம் போயிடும். ஒரே படம்தான்."

"அப்போ அதிகாரிங்க குடியிருப்பை எடுத்துடவா? அதுவும் மேற்குலதான் இருக்கு." சொல்லும்போதே மேப்புவுக்கு நாக்கில் தேன் ஊறியது.

"அது மேற்குப் படையோட தலைநகரம்! அதைத் தொட்டா ஆட்டமே இல்ல. வேற பாரு."

மேப்பு தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தான். மேற்கில் இருந்த ஊர்க் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இது முடிவெட்டிக்கொள்கிற கடை இருக்கிற கட்டம்; அந்த மனுஷன் காதோரம் அவ்வளவு பதமாக வெட்டுவார், வேண்டாம். இது கல்லூரிச் சிநேகிதன் வீடு. இது அவனே குடியிருக்கிற கட்டம், அதன்மேல் கை போகவே இல்லை. இது பல் வைத்தியர். அவரைச் சதுப்பாக்கலாம்தான், ஆனால் பாதி வைத்தியம் பாக்கி இருக்கிறது. கடைசியில் படத்தின் ஓரத்தில் ஒன்று அகப்பட்டது. அந்தப் பக்கம் அவன் போனதே இல்லை. ஒருத்தரையும் தெரியாது. சொடுக்கினான். ஊர் போய்ச் சதுப்பு வந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவனுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கினாற்போல் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்லவேண்டுமானால், மகிழ்ச்சியாகவே இருந்தது.

திருத்திய படம் போனது. அதிகாரி சொன்ன சொல் தவறாமல் அதை மாட்டினார். வாரக் கடைசியில் ஏரிக்கரைத் தெருக்களுக்கு வேறொரு கடிதம் வந்தது: முந்தைய நோட்டீஸ் ரத்து.

மேப்பு அக்கா வீட்டுக்குப் போனபோது தெருவே அவனைக் கொண்டாடியது. எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பக்கத்து வீட்டம்மா அவன் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே தையல் எந்திரம் மறுபடி கடகடத்துக்கொண்டிருந்தது. அக்கா காபி கலந்து கொடுத்துவிட்டு எந்திரத்தின் முன் உட்கார்ந்தாள்.

"எப்படிடா சாதிச்சே?"

கேட்டதுதான் தாமதம், அளக்க ஆரம்பித்துவிட்டான். அதிகாரி மாதிரி பேசிக் காட்டினான், தளபதி மாதிரி நாற்காலியை உருட்டிக் காட்டினான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், ஓரத்துக் கட்டம் வந்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"அங்க ஊரா இருந்ததையா சதுப்பாக்கினே?"

"கணக்கு சரியா வரணும்ல."

"யாருடா அங்க இருக்கறது?"

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லக்கா. நல்லாப் பார்த்துட்டுத்தான் எடுத்தேன்."

அக்கா கோபத்தில் கத்துவாள் என்று நினைத்தான். கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"அந்த அதிகாரிக்கு நம்ம தெருவுல தெரிஞ்சவங்க யாராவது இருந்தாங்களாடா?"

மேப்பு காபியைக் கீழே வைத்தான்.

"அவங்களுக்கு நோட்டீஸ் போயிடுச்சா?"

"இன்னும் போயிருக்காதுக்கா. அடுத்த வாரம் போகும்."

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினாள். ரத்துக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "எழுந்திரு. போய் அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லணும். எங்க போகணும், யாரைப் பார்க்கணும்னு நாமதான் சொல்லித் தரணும். எந்தத் தெரு அது?"

"தெரு… தெரியலக்கா. பதினாலாம் வரிசை, ஒன்பதாவது கட்டம்."

"எந்த பஸ் போகும்?"

"தெரியல."

"இறங்கி எப்படிடா கண்டுபிடிக்கறது?"

அவன் போனை எடுத்துத் தன் படத்தைத் திறந்தான். அந்த இடத்தில் குளுகுளுவென்று பச்சை மட்டும் இருந்தது.

"அதை உள்ள வை," என்றாள் அக்கா, வாசலில் இறங்கியபடி. "அங்க ஆளுங்க இருப்பாங்கடா. கேட்டுக்கலாம்."