எரிகல் வீரனுக்கு ஏன் இந்த வேலை

அந்த வீடியோ கேமில் எரிகல் வீரன் மனிதர்களை மொத்தம் பதினேழு முறை காப்பாற்றுகிறான். அவனுக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் தொண்டை கட்டிப் படுத்துவிட, வசனம் எழுதிய தம்பி தன் அக்காவைக் கூட்டி வந்தான். வீரன் உச்சி முதல் பாதம் வரை கவசம் போட்டவன், உள்ளே ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அக்காவோ லிஃப்டுகளுக்கும் வங்கித் தொலைபேசிகளுக்கும் பன்னிரண்டு வருடமாகக் குரல் கொடுத்து வருபவள்.

வெளிச்சத்தம் புகாமல் சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய சிறு அறைக்குள் அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பியும் ஒலிப்பதிவாளரும். பதினாறு காட்சிகள் மளமளவென்று முடிந்தன. கடைசிக் காட்சியில், ஊரே இடிந்து விழும்போது, வீரன் சொல்ல வேண்டியது: "மனித குலத்துக்காக என் உயிரையும் தருவேன்."

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஏன்டா தரணும்?"

"என்னக்கா?"

"இவன் மனுஷனே இல்ல. எங்கிருந்தோ கல்லோட வந்து விழுந்தவன். விழுந்த அன்னிக்கே சுட்டாங்க. நாலாவது கட்டத்துல கூண்டுல போட்டுப் பூட்டினாங்க. ஒருத்தன்கூட ஒரு வாய் தண்ணி குடுக்கல. இவங்களுக்குப் போய் உயிரக் குடுப்பானா?"

"நல்லவன்க்கா."

"நல்லவன்னா பக்கத்துக் கிரகத்துக்கும் ஒரு எட்டு போய்ட்டு வரலாமே. அங்க யாருக்கும் கஷ்டமே இல்லையா?"

ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி மூன்று வருடமாக இந்தக் கதையோடு குடித்தனம் நடத்தியவன். இந்தக் கேள்வி அவன் மண்டையில் ஒருநாளும் உதித்ததில்லை.

"நீ சும்மா சொல்லேன்க்கா."

"காரணம் தெரியாம வாயில வரமாட்டேங்குது."

சரி, காரணத்தைத் தேடுவோம் என்று இறங்கினார்கள். காதல் என்று வைத்து ஒருமுறை உருகிச் சொன்னாள். மனித குலம் முழுக்க அவனைக் காதலித்துவிட்டு ஓடிப்போன மாதிரி இருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறான் என்று வைத்துக் கொட்டாவியோடு சொன்னாள். அடுத்து "உங்க ஃபார்ம் எங்க?" என்று கேட்பான் போலிருந்தது. மூன்றாவதாக, பாசம் என்று வைத்துத் தேன் சொட்டச் சொட்டச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் மயிர்க்கூச்செறிந்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"மேடம், இவன் நம்மள வளர்த்துச் சாப்பிடப் போறான்."

அவ்வளவுதான். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தம்பிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் "வளர்த்து" என்பார், மறுபடி ஆரம்பிக்கும்.

சத்தம் கேட்டு கேம் கம்பெனி முதலாளி வந்தார். "என்ன நடக்குது இங்க?"

"சார், வீரன் எதுக்கு நம்மளக் காப்பாத்துறான்?" என்றாள் அக்கா.

"அது வந்து..." முதலாளி யோசித்தார். "வேற யார் இருக்கா காப்பாத்த?" தன் பதில் தனக்கே பிடிக்காமல், புரோகிராம் எழுதும் பெண்ணைக் கூப்பிட்டார்.

அவள் லேப்டாப்போடு வந்து வாசலிலேயே தயங்கினாள். "சார், ஒரு தப்பு இருக்கு. திட்டக் கூடாது. எந்தப் பட்டனையும் அழுத்தாம விட்டா, வீரன் பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்களப் பார்த்துட்டு நின்னுடறான். நானும் எவ்வளவோ சரி பண்ணிப் பார்த்துட்டேன்."

திரையில் வீரன் ஒரு முடிதிருத்தும் கடையின் ஜன்னலோரம் குனிந்து நின்றான். உள்ளே ஒரு வழுக்கைத் தலையர் மிச்சமிருந்த நாலு முடியை இடது பக்கம் வாரினார், திருப்தியில்லாமல் வலது பக்கம் வாரினார், மறுபடி இடது. பின்னால் ராட்சதப் பல்லி ஒரு கோபுரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. வீரன் அசையவில்லை.

"இதான்டா," என்றாள் அக்கா. "ஆயிரம் வருஷம் கல்லுக்குள்ள தனியா உக்காந்து வந்திருக்கான். போரடிச்சுப் போயிருப்பான். இப்பதான் வேடிக்கை பார்க்க ஆள் கெடச்சிருக்கு. பல்லி தின்னுட்டுப் போக விடுவானா?"

தம்பி வசனத் தாளின் பின்பக்கத்தில் புது வரியைக் கிறுக்கி உள்ளே நீட்டினான். அக்கா ஒரே மூச்சில் சொன்னாள்:

"அந்தாளு கடைசியா எந்தப் பக்கம் வாருறார்னு தெரியாம, நான் யாரையும் சாக விடறதா இல்ல."

முதலாளி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் அந்தப் பெண்ணிடம் சொன்னார், "அந்தத் தப்பத் தொடாதே."

கேம் வெளியான வாரம், பாதிப் பேர் பல்லியை மறந்துவிட்டு வீரனை ஜன்னல் ஜன்னலாக நிறுத்தி வைத்தார்கள். மாவீரனுக்கு மரியாதையே இல்லை என்று ஒருவர் மூன்று பக்கம் எழுதினார். கேமே விளையாடாத தன் மாமியார் தினமும் அந்த வழுக்கைத் தலையரைப் பற்றி விசாரிக்கிறார் என்று இன்னொருத்தி எழுதினாள்.

அதையெல்லாம் படித்தபடி அக்காவும் தம்பியும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வழியில் ஒரு கணவனும் மனைவியும் பெரிய கட்டில் மெத்தையைக் குறுகலான வாசலுக்குள் நுழைக்கப் பார்த்தார்கள். கணவன் பாதி உள்ளே, மனைவி வெளியே, மெத்தை இருவருக்கும் எதிரி.

"பஸ் வருதுக்கா."

"போகட்டும்டா," என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் நில்லு."