வெள்ளிக்கிழமை கொட்டாதது

பேச்சியம்மாளுக்கு ‘அழுகல்’ என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஏழு மாதமாக அவள் செய்துவந்த ஆராய்ச்சிக்கு அந்த அடையாற்று ஆய்வுக்கூடத்தில் அதுதான் பெயர். “என்ன பேச்சி, அழுகல் எந்த மட்டுல இருக்கு?” என்று கேன்டீனில் கேட்பார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டு எழுந்து வருவாள்.

விஷயம் இதுதான். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓயாமல் புரதம் உண்டாகிறது, ஓயாமல் உடைந்தும் போகிறது. உண்டாவதைப் பற்றி ஊரெல்லாம் மாய்ந்து மாய்ந்து எழுதித் தள்ளியாயிற்று. உடைவதைச் சீண்டத்தான் ஆளில்லை. வெளியே வைத்த சோறு ஊசிப்போகிற மாதிரி அது பாட்டுக்கு உடைகிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். பேச்சியம்மாள் விடவில்லை. கோணல்மாணலாக உண்டான புரதத்தைச் செல் தேடிப் பிடித்து, தன் எரிபொருளைச் செலவழித்து, மெனக்கெட்டு உடைக்கிறது என்றாள். ஊசிப்போவது வேறு, பெருக்கித் தள்ளுவது வேறு. தி. நகரில் அப்பா வெள்ளைத்துரையின் ஜவுளிக்கடையைத் தினம் காலையில் பெருக்கித் தள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்ன!

சொன்னால் போதுமா? காட்ட வேண்டாமா? முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்துச் சாறெடுத்து, கோணல் புரதத்தை அதில் கலந்து, இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றுவாள். கிருமி வளராமலிருக்க மருந்தும் சேர்ப்பாள். புரதத்தில் கதிரியக்க அடையாளம் இருப்பதால் எவ்வளவு உடைந்தது என்று கருவி எண்ணிச் சொல்லிவிடும். ஒரு குழாயில் மட்டும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் சேர்ப்பாள். அவள் நினைப்பு சரியென்றால் எரிபொருள் சேராத குழாயில் எதுவும் உடையக் கூடாது. பாழாய்ப்போன புரதம் இரண்டிலும் உடைந்தது. ஒரு மணி நேரம் கழித்து எண்ணினால் நூற்றுக்குப் பன்னிரண்டு இதில், பதின்மூன்று அதில். இருபத்திரண்டு தடவை செய்தாள். இருபத்திரண்டு தடவையும் இதே லட்சணம்.

1974 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய வழிகாட்டி பத்ரிநாராயணன் கூப்பிட்டனுப்பினார். மயிலாப்பூர்க்காரர், நல்ல மனுஷர்தான். ஆனால் எண்கள் சொல்வதற்கு மேல் யார் சொன்னாலும் காதில் வாங்க மாட்டார்.

“இத பாரும்மா, நீ உழைக்கலேன்னு நான் சொல்லலை. ஆனா ரெண்டு குழாயும் ஒண்ணையேதான் சொல்லிண்டிருக்கு. அது அழுகல்தான். திங்கக்கிழமைலேர்ந்து வேர்க்கடலைப் புரதம் பண்றவாளோட சேர்ந்துடு. டில்லிக்குப் போற ரிப்போர்ட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்.”

“சார், இன்னும் ரெண்டே மாசம்...”

“ரெண்டு மாசம் முன்னாடியும் இதத்தானே சொன்னே?”

வேர்க்கடலை மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து, அம்மாவை அழவைத்து, சொந்தக்காரர்களின் வாயில் விழுந்து எழுந்து அவள் இங்கே வந்தது இந்த ஒரு கேள்விக்காக. இதை விட்டுவிட்டால் தனக்கென்று ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

தன் மேசைக்குத் திரும்பி வந்தாள். உடம்புச் சூட்டிலேயே தண்ணீரை வைத்திருக்கும் தொட்டியில் அன்றைய சோதனையின் மிச்சம் நின்றுகொண்டிருந்தது. எரிபொருள் சேராத குழாய்தான். மதியம் எண்ணியபோது அதே பன்னிரண்டு. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“சின்னப்பையன், இதெல்லாத்தையும் பின்கட்டுப் பீப்பாய்ல கொட்டிடுங்க. ஒண்ணும் வேணாம்,” என்று ஆய்வுக்கூட உதவியாளரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சின்னப்பையனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பெயர் வைத்தவர்கள் அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தன் நோட்டுகளை எடுத்துப்போக வந்தாள். தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. குழாய் அதே இடத்தில் அப்படியே நின்றது.

“சின்னப்பையன்! நேத்தே கொட்டச் சொன்னேனே, ஏன் கொட்டலை?”

“இன்னா மேடம் நீங்க?” ராயப்பேட்டைக்காரருக்கும் கோபம் வந்துவிட்டது. “நேத்து வெள்ளிக்கெழம. நீங்க சொல்லிட்டுப் போம்போதே மணி ஆறு. வெளக்கு வெச்சாச்சு. வெள்ளிக்கெழம வெளக்கு வெச்சப்பறம் எவனாச்சும் உள்ள கீறத வெளிய கொட்டுவானா? லச்சுமி பூடும்!”

“இது என்ன வீடா? லேப்!”

“அப்ப அந்தப் புள்ளையார் படத்துக்கு இத்தினி வருஷமா நான் எதுக்கு வெளக்கு ஏத்திக்கினு கீறேன்? காலீல வந்து கொட்லாம்னு வெச்சேன், அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

நேற்று பத்ரிநாராயணனிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் அந்த மனுஷர் மேல் கொட்டித் தீர்த்தாள். பிறகு தானே குழாயைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது.

பதினைந்து மணி நேரத்துக்கு மேல் இது உடம்புச் சூட்டில் நின்றிருக்கிறது. அழுகல் என்றால் இதற்குள் புரதமெல்லாம் உடைந்து நாசமாகியிருக்க வேண்டும். எவ்வளவு போயிருக்கும்? கொட்டுவதற்கு முன் எண்ணித்தான் பார்ப்போமே என்று திரும்பினாள்.

கருவி பதின்மூன்று என்றது.

தப்பாக இருக்கும் என்று மறுபடி எண்ணினாள். பதின்மூன்றேதான். முதல் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு உடைந்தது, அதற்கப்புறம் இரவு முழுக்க ஒன்றே ஒன்று. அட மண்டு, அட மக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்தாலும் திரியில் ஊறியிருப்பது கொஞ்ச நேரம் எரியாதா? அணுக்களை உடைத்து எடுத்த சாற்றிலேயே அவற்றின் சொந்த எரிபொருள் மிச்சம் இருந்திருக்கிறது. அது தீரும்வரை உடைத்திருக்கிறது, தீர்ந்ததும் நின்றுவிட்டது. ஏழு மாதமாகத் திரியில் இருந்ததைத் தீரவிடாமல் அவசரப்பட்டு எண்ணி எண்ணி அழுதிருக்கிறாள்!

குழாயில் இருந்ததை இரண்டாகப் பிரித்தாள். ஒன்றில் ஏ.டி.பி.யைச் சேர்த்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஒரு யுகமாகப் போனது. சேர்க்காதது பதின்மூன்றிலேயே நின்றது. சேர்த்தது இருபது.

பதினொரு மணிக்கு பத்ரிநாராயணன் வந்தார். கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார். “மெஷின் தகராறா இருக்கும்,” என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, மிச்சமிருந்ததைத் தானே அளந்து, தானே ஊற்றி, தானே எண்ணினார். பேச்சியம்மாளைப் பக்கத்தில்கூட வரவிடவில்லை. இதுவும் போய்விட்டால் திங்கட்கிழமை வேர்க்கடலைதான்.

பன்னிரண்டரைக்கு அவர் எண்களைப் பார்த்தார். பதின்மூன்று. பத்தொன்பது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அழுகறது நடுவுல நின்னுட்டு, எரிபொருள் போட்டதும் மறுபடி அழுகாதும்மா,” என்றார் மெதுவாக. “நீ சொன்னதுதான் சரி. இன்னும் பத்து தடவையாவது பண்ணிக் காட்டணும். ராத்திரி பூரா வெச்சுப் பாக்கணும்னு உனக்கு எப்படித் தோணித்து?”

“எனக்குத் தோணலை சார். சின்னப்பையன் கொட்டலை.”

அவருக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு விஷயத்தை அவள் சொன்னதும் ஒரு கணம் விழித்தார். பிறகு அந்தக் கண்டிப்பான மனுஷர் தொந்தி குலுங்கச் சிரித்தார். எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பி, “டில்லி ரிப்போர்ட்ட நான் மாத்தி எழுதிடறேன். வேர்க்கடலைக்கு வேற ஆளப் பாத்துக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுவரை தாக்குப்பிடித்தவள் பின்கட்டுக்குப் போய் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். நேற்று வராத அழுகை இன்றைக்கு அடக்க அடக்கப் பொங்கியது. இனி எத்தனை வருஷம் ஆனாலும் இந்தக் கேள்வி அவளுடையது. எந்தப் புரதத்தை உடைப்பது என்று செல் எப்படித் தேர்ந்தெடுக்கிறது, யார் அடையாளம் வைக்கிறார்கள், எது வெட்டுகிறது? ஆயுசு முழுக்கத் தேடலாம்.

துடைப்பத்தோடு வந்த சின்னப்பையன் அவளைப் பார்த்துப் பதறிப்போனார்.

“இன்னா மேடம், இன்னா ஆச்சு? நான் கொட்டாததால உங்க வேல பூட்ச்சா?”

பேச்சியம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

“இல்லைங்க சின்னப்பையன்,” என்றாள். “நீங்க கொட்டாததாலதான் எனக்கு வேலையே கெடச்சிருக்கு.”