சுகுணா செய்த ஆயர் கோல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது மந்திரவாதிக் கதை. அவன் கைக்கோலை ஓங்கினால் மலை பிளக்கும். மூன்று பக்கத்தில் பதினோரு மலை பிளந்தும் கதை நகரவில்லை. சரி, அந்தக் கோலை யார் செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். சுகுணா வந்தாள்.

2

திருமயத்தில் பட்டறை வைத்திருக்கிறாள். [தச்சா, கொல்லா? இரண்டும்தான்.] சென்னையில் வேடம் கட்டி விளையாடும் பிள்ளைகளுக்கு மண்டையோடு வைத்த கோல், பாம்பு சுற்றிய கோல் எல்லாம் கூரியரில் அனுப்புவாள். உள்ளூரில் மட்டும் ஒருத்தரும் அவளை நம்பி ஒரு நாற்காலிக்கால்கூடக் கொடுத்ததில்லை. இந்த வருஷமும் இப்படியே போனால் பட்டறையைப் பூட்டிவிட்டுத் திருப்பூர்க் கம்பெனிக்குப் போவதாக இருந்தாள்.

அப்போதுதான் ஆவூர்ப் பக்கமிருந்து ஒரு மாதாகோயிலின் போன் வந்தது. (ஊர்ப் பெயரைச் சொன்னால் அப்புறம் என்னை உள்ளே விடமாட்டார்கள்.) பேசியவர் கோயில்பிள்ளை சவேரி; பூசைக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துவைப்பவர். திருவிழாவுக்கு ஆயர் கோல் வேண்டும், வளைவு நன்றாக இருக்க வேண்டும் என்றார். ஆயரை மற்றவர்கள் பிஷப் என்றுதான் சொல்வார்கள். சவேரிக்குத் தூய தமிழ் பிடிக்கும். சுகுணாவோ பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றெட்டு. ஆயர் என்றால் முல்லை நிலத்தில் ஆடுமாடு மேய்ப்பவர். ஏதோ நாடகம் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

[கூகுளில் பார்க்கமாட்டாளா என்பீர்கள். தெரிந்த சொல்லை யாராவது தேடுவார்களா?]

3

திருவிழாவன்று சவேரி துணியைப் பிரித்தார். நீளக் கம்பு, நுனியில் கூர் தீட்டிய இரும்புக் கொக்கி.

"என்னம்மா, ஆடு மேய்க்கிற தொரட்டியக் கொண்டாந்திருக்க. நான் பிஷப்புக்குப் பரிசா குடுக்கத்தான கேட்டேன்."

சுகுணா கம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முதல் உள்ளூர் வேலை, இப்படியா போக வேண்டும்? அதற்குள் பிஷப் வரும் பவனி வாசலுக்கே வந்துவிட்டது.

அவள் கம்போடு பஸ் ஏறி [இல்லை. இப்படி அவளை அனுப்ப எனக்கு மனசில்லை.]

பிஷப் வாய்விட்டுச் சிரித்து [வேண்டாம். ரொம்பச் சுலபம்.]

4

பிஷப் நின்றார். கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கூரு?"

"எட்டாத கொப்ப வெட்டிப் போடணும்லங்க. ஆடு பட்டினி கெடக்கக் கூடாது."

அதற்கு அவர் என்ன சொன்னார்? நான்கு பதில் எழுதினேன். நான்கும் பிரசங்கமாகவே வந்தன, அடித்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள். ஆனால் ஒரு வரியை மட்டும் நான் எழுதி முடித்துவிட்டேன், அதை மாற்றமுடியாது: தன்னுடைய வெள்ளிக்கோலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லி சவேரியிடம் கொடுத்துவிட்டு, பிஷப் சுகுணாவின் பக்கம் இரண்டு கையையும் நீட்டுகிறார்.