மண்மேட்டில் போட்ட ஆட்டுக்கிடை

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிக் குவித்த மண்மேட்டுக்குக் காசிநாதனைக் காவல் போட்டது எண்பத்தொன்றில். வெறும் மண்ணை எவன் தூக்கிக்கொண்டு போகப்போகிறான் என்று ஊரே சிரித்தது. காவல் மண்ணுக்கில்லை, கம்பெனி அதன்மேல் நட்ட தைலமரக் கன்றுகளுக்கு. அவை சித்திரை வெயிலில் ஒன்றுவிடாமல் கருகின. சம்பளம் நிற்கவில்லை, ஆகவே காவலும் நிற்கவில்லை.

பெண்டாட்டி செத்த பிறகு காசிநாதனோடு பேச ஆள் கிடையாது. கொட்டகை முன்னால் காக்கை வந்து உட்கார்ந்தால்கூட "வா" என்பாராம். யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எதையும் யாராவது பார்த்திருப்பார்கள்.

அவர்தான் கம்பெனி ஆபீசரிடம் போய் நின்றார். "ராத்திரில ஆட்ட அடைச்சுக் கிடை போட்டா, புழுக்கையில மண்ணு தேறும் சார். அடுத்த தடவ நட்டா புடிச்சுக்கும்."

"போட்டுக்கய்யா. ஆனா பச்ச தல காட்டிடுச்சுன்னா ஆடு உள்ள நிக்கக் கூடாது."

அந்த மொட்டை மேட்டில் பச்சையாவது, தலை காட்டுவதாவது! காசிநாதன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பக்கத்து ஊர்ப் பொன்னுத்தாய் ஆடு ஓட்டி வந்தாள். அவளும் தாலியறுத்தவள்தான். பொழுது சாய ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். நரி வராமல் இவர் காவல். விடிந்ததும் வந்து பட்டியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு மேய்க்க ஓட்டுவாள். மாலையில் கொஞ்சம், காலையில் கொஞ்சம் பேச்சு.

"அண்ணே, கொம்பொடிஞ்சது ராத்திரி கத்துச்சா?"

"கத்துச்சு. பேச்சுக் குடுத்தேன், அடங்கிடுச்சு."

"ஆட்டுக்கிட்ட என்னத்தப் பேசுனீங்க?"

"அதுதான் பேசுச்சு. நீ அரவயித்துக்கு மேய்க்கிறியாம்."

அவள் சிரித்ததைத்தான் காசிநாதன் பொழுதன்றைக்கும் அசைபோட்டார். குழாயடியில் ஊர்வம்பு பேசும் ஜெகதாம்பாளுக்கும் அசைபோட ஏதோ கிடைத்தது. "அண்ணேன்னு கூப்புட்டா ஆச்சா? கிடை மண்ணுக்கா, மனுசனுக்கா?" என்றாள். பாதி சரிதான்.

கோடை முழுக்க ஆடுகள் ஓடைக்கரையில் வெள்வேல மரத்து நெற்றை விதையோடு தின்றுவிட்டு வந்து மேட்டில் புழுக்கை போட்டன. ஆவணியில் நல்ல மழை. ஒருநாள் காலை, அவள் ஓட்டிக்கொண்டு போன பிறகு, பழைய பட்டி இருந்த இடத்தில் காசிநாதன் குனிந்தார். புழுக்கைக்கு நடுவே இரண்டிரண்டு இலையாக முளை. யாரும் நடாத வெள்வேல்; கல்லுக்குப் பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் அந்தக் காடெல்லாம் நின்ற மரம்.

வேறு யாராவது என்றால் துள்ளியிருப்பார்கள். இவர் ஆபீசர் சொன்னதை நினைத்தார். பச்சை என்றால் ஆடு இல்லை. ஆடு இல்லையென்றால் அவள் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நாலைந்தைப் பிடுங்கி மடியில் செருகினார். ஆபீசர் மேடேறி வருகிற ஜாதியில்லை. பிடுங்கிக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியும்?

மறுநாள் இன்னும் நிறைய. ஒன்றைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. விரலால் தோண்டினார். விரல் நீள முளைக்கு ஒரு சாண் வேர். எதையும் பிழைக்க விடாத அந்த வெள்ளை மண்ணை அது இறுகப் பிடித்திருந்தது. காசிநாதன் கையை எடுத்துவிட்டார். பள்ளத்தைத் திரும்ப மூடி, மண்ணை அழுத்திவிட்டார்.

மத்தியானம் சீமைக்கருவேல முள் வெட்டி வந்து மேட்டுக்கு ஏறும் வழியை அடைத்தார்.

மாலையில் பொன்னுத்தாய் முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றாள். "என்னண்ணே இது?"

"முளச்சிடுச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள். "அட, வெள்வேலு! எங்க ஆடு போட்டதுல்ல?"

"ஆமா."

"அப்ப திங்கவும் அதுவதான் திங்கும்." ஆடுகளைத் திருப்பினாள். "என் தம்பி ரஞ்சன்குடிப் பக்கம் கிடை போட்டிருக்கான். அங்க ஓட்டறேன்."

இரு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "மழ வருது, சீக்கிரம் ஓட்டு" என்று சொல்லிவைத்தார்.

ஒரு வாரம் கழித்து ஜெகதாம்பாள் வழி மறித்தாள். "என்ன காசிநாதா, முள்ளு வெச்சு வெரட்டிட்டியாமே? ரெண்டு பேருக்கும் சண்டையா?"

இல்லை என்றால் அவள் போய்விடுவாள். இப்போது அவரோடு பேச வேறு யார்?

"ஆமாக்கா" என்றார் காசிநாதன். "பெரிய சண்ட."

ஜெகதாம்பாள் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.