ஏழு மணி நிழல்

ஆற்றுப் பாலத்தின் இரண்டு முனைகளிலும் இருந்த கொடிக்கம்பங்கள் ஒரு திங்கட்கிழமையிலிருந்து தாமாகவே வளரத் தொடங்கின. மேற்குக் கரைக் கம்பம் மாதத்துக்கு ஒரு முழம், கிழக்குக் கரைக் கம்பம் ஒரு முழமும் நாலு விரலும் என்று மேற்கே சொன்னார்கள். கிழக்கே போய்க் கேட்டிருந்தால் அதையே திருப்பிப் போட்டுச் சொல்லியிருப்பார்கள். இரும்பு எப்படி ஐயா வளரும் என்று கேட்டவர் அறிவியல் வாத்தியார் ஒருவர்தான். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கரைக்கு ஒரு நாடு. ஆறோ, இங்கே தும்மினால் அங்கே கேட்கிற அகலம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அடுத்தவன் கம்பம் உயர்வதைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும்?

எதிரிக் கம்பத்தை அளப்பதற்கென்று மேற்கே ஓர் அளவுக்காரர் இருந்தார். அவருடைய மனைவியின் தங்கையைக் கிழக்குக் கரையில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த மாப்பிள்ளைக்கும் அங்கே இதே உத்தியோகம். ஆக, இரண்டு நாடுகளின் அளவு நாடாவும் இரண்டு சகலைகளின் கையில் இருந்தது. எதிரியின் மண்ணில் கால் வைக்கக் கூடாது, எதிரிக் கம்பத்தின் நிழல் நம் மண்ணில் விழும்போதுதான் அளக்க வேண்டும் என்பது விதி. கிழக்குக் கம்பத்தின் நிழல் காலை ஏழு மணிக்கு மேற்கே வந்து நீண்டு படுக்கும். மேற்குக் கம்பத்தின் நிழல் மாலை ஐந்து மணிக்குக் கிழக்கே போய்ப் படுக்கும். சாய்ந்த வெயிலில் தென்னங்கன்றும் பனைமரமாகத் தெரியும் என்பது சகலைகள் இருவருக்கும் தெரியும். மேற்கத்தியவர் ஒரு தடவை படிவத்தின் ஓரத்தில், “இது நிழலின் நீளம், கம்பத்தின் உயரம் அல்ல” என்று எழுதியும் வைத்தார். ஓரத்துக்குத் தட்டச்சில் கட்டம் இல்லாததால் அது விட்டுப்போயிற்று. அளவு ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும், கேட்ட ஊர் முழுக்கப் பொருமும், மறுநாள் காலையில் கம்பம் வளர்ந்திருக்கும்.

இந்தப் பொருமலில் அளவுக்காரரின் மனைவிக்குப் பங்கு அதிகம். அவளுக்குத் தங்கைமேல் ஆரம்பத்திலிருந்தே கண். தங்கை வீட்டுக்கு மாடி இருந்தது, தங்கையின் முடி நரைக்கவில்லை, தங்கை மகன் நெட்டையன் பதினாலு வயதிலேயே நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டான். அவள் பெற்றது கட்டையன். இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பாலம் திறந்திருந்த அந்தக் காலத்தில் கட்டையனுக்குச் சாயங்காலமானால் சித்தி வீட்டில் இருந்தாக வேண்டும். அவள் கரையில் நின்று, “இருட்டறதுக்குள்ள அனுப்பி வை!” என்று கத்துவாள். மாடியிலிருந்து தங்கை, “சாப்பிட்டுட்டு வருவான்க்கா!” என்பாள். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு நெஞ்சில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். நம் வீட்டில் கொறித்துவிட்டு எழுந்துபோகிற பிள்ளை அங்கே மட்டும் எப்படித் தட்டை வழித்துச் சாப்பிடுகிறான் என்று பதினைந்து வருடங்கள் யோசித்தாள். பாலத்தை மூடியபோது ஊரே கவலைப்பட்டது. அவள் மட்டும் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

கம்பங்கள் வளர்ந்தன. கிழக்குக் கம்பத்தின் நுனியில் ஒரு மேகம் மாட்டிக்கொண்டு மூன்று வாரம் நின்றது. மேற்கே அதைத் திருட்டு என்று பத்திரிகை எழுதியது. கொடிகள் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால் ஜனங்கள் கம்பத்தின் அடிக்கு வணக்கம் வைத்தார்கள். பிறகு இரு பக்கமும் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். தபால் அப்போதும் போய்வந்துகொண்டிருந்தது, அதுதான் வினை. தங்கை ஒரு படம் அனுப்பினாள்: பித்தளைப் பொத்தான் வைத்த சீருடையில் நெட்டையன். அக்காக்காரி அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள், ஆனாலும் தினம் எடுத்துப் பார்த்தாள். கட்டையனோ சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தான். பட்டாளத்துக்கு அவன் அரை அங்குலம் குறைவு. ஆள் எடுக்கும் இடத்தில் உயரம் அளப்பதும் அப்பாதான் என்பதால் அவருக்கு அது நன்றாகத் தெரியும், தெரிந்து மனதுக்குள் ஆறுதலும் பட்டுக்கொண்டார்.

“அவ பிள்ளை மட்டும் ராஜா மாதிரி நிக்கணும், எம்பிள்ளை டியூபுக்குக் காத்தடிக்கணுமா?” என்றாள்.

“அரை அங்குலம் கம்மிடி. நான் என்ன பண்ண?”

“வெறும் நிழலை அளந்துட்டு ஊருக்கே உயரம் சொல்றீங்க. பெத்த பிள்ளைக்கு அரை அங்குலம் போட்டுக் கொடுக்க முடியாதா?”

பதினோரு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லாமல் சாப்பிட்டுப் பார்த்தார். பன்னிரண்டாம் நாள் கட்டையனைச் சுவரோரம் நிறுத்தி அரை அங்குலம் கூட்டி எழுதினார். அவர் வாழ்க்கையில் பிழை என்று தெரிந்தே எழுதிய அளவு அது ஒன்றுதான். அதை மட்டும் யாரும் மறுபடி சரிபார்க்கவில்லை. கட்டையனின் படம் முதல் தபாலிலேயே கிழக்கே போயிற்று.

அந்தக் கோடையில் ஒரு நாள் ஏழு மணி நிழல் ஊரைக் கடந்துபோய், பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தளபதியின் தட்டில் விழுந்தது. அந்நிய நிழல் ஆக்கிரமிப்பு என்று ஒன்பது மணிக்கு அறிவித்தார்கள். அன்று மாலை மேற்குக் கம்பத்தின் நிழல் கிழக்கே ஓர் அமைச்சரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. சண்டை ஒன்பது நாள் நடந்தது. ஆறாம் நாள் காலையில் பாலத்தின் மேற்கு முனையில் கட்டையனும் கிழக்கு முனையில் நெட்டையனும் செத்தார்கள். யார் சுட்டது என்று எந்தப் பக்கமும் விசாரிக்கவில்லை. பத்தாம் நாள் கையெழுத்துப் போட்டு, கம்பங்களை வெட்டிப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள். அப்போது இரண்டையும் தரையில் கிடத்தி அளந்தபோது ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை.

பிறகு பாலத்தின் இரு முனைகளிலும் பையன்களுக்கு ஆளுயரக் கல் நட்டார்கள். கற்கள் மாதத்துக்கு அரை அங்குலம் வளர்ந்தன. அளவுக்காரர் அந்தக் கணக்கைக் கேட்ட அன்று நாடாவைச் சுருட்டி ஆற்றில் போட்டுவிட்டு வேலையை விட்டார். அவர் மனைவி வழக்கம்போல, தங்கை மகனின் கல் உயரமா என்றுதான் முதலில் பார்த்தாள். நெட்டையனின் நிழல் காலையில் ஆற்றைத் தாண்டி வந்து அவள் வாசற்படியில் விழுந்தபோது அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, துடைப்பத்தால் தள்ளினாள். நிழல் நகரவில்லை. ஒரு வருடம் இப்படித் தண்ணீர் கொட்டிய பிறகு, ஒரு நாள் வாளியை வைத்துவிட்டு, “பெரியம்மா வீட்டுக்கு இத்தனை நாள் கழிச்சுத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் அந்த நிழலை யாரும் மிதிக்க விடுவதில்லை.

ஆனால் மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. பெற்ற மகனின் நிழல் இவள் பக்கம் திரும்பாது. வெயில் சாயச் சாய மெல்ல நீண்டு, பாலத்தை ஒட்டி ஆற்றைக் கடந்து, அந்தக் கரையில் போய்ப் படுக்கும். காவல்காரர்கள் நிழலிடம் அனுமதிச் சீட்டுக் கேட்பதில்லை. அவள் கரைக்கு ஓடிவந்து, வயிற்றெரிச்சல் கொஞ்சமும் குறையாத குரலில், “இருட்டறதுக்குள்ள அனுப்பி வை!” என்று கத்துவாள். தலை முழுக்க நரைத்துப்போன தங்கை மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து, காலடியில் கிடக்கும் நிழலைப் பார்த்துவிட்டு நிமிர்வாள்.

“சாப்பிட்டுட்டு வருவான்க்கா!”

இரண்டு கரைகளிலும் அந்தக் குரல் கேட்டால் மணி ஐந்தரை என்று கணக்கு. கடைக்காரர்கள் எழுந்து விளக்கைப் போடுவார்கள்.